இலைச்சாறா, பல்லேடியமா: வேலையைச் செய்தது எது?

கேள்வி
3 பிப்ரவரி 2024, மாலை 6.12

மூலிகைச் சாற்றில் உலோகம் கிடையாது. பல்லேடியம், ரோடியம் போன்ற உலோக வினையூக்கிகளைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் மருந்தில் எப்படியும் சிறிது உலோகம் தங்கிவிடும். ஆகவே ஒரே மூலக்கூறு இரண்டு வழியிலும் கிடைக்குமானால், செடியிலிருந்து எடுத்ததே தூயது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மறுமொழி
3 பிப்ரவரி 2024, இரவு 9.40

இதில் இரண்டு கூற்றுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. செயற்கை மருந்தில் உலோகம் தங்கும் என்பது ஒன்று. செடியில் உலோகம் இல்லை என்பது மற்றொன்று. முதல் கூற்று பாதிதான் உண்மை.

இரு கார்பன் தொகுதிகளைப் பல்லேடியத்தின் உதவியால் இணைக்கும் சுசூக்கி பிணைப்பு வினையை எடுத்துக்கொள்வோம். 1979-இல் வெளியான இந்த முறைக்காகத்தான் 2010-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஹெக், நெகிஷி ஆகியோருடன் சுசூக்கிக்கும் பங்கு கிடைத்தது. கார்பனுக்கும் புரோமினுக்கும் இடையிலான பிணைப்புக்குள் பல்லேடியம் அணு நுழைகிறது. போரானிக் அமிலம் தன் கார்பன் தொகுதியை அதனிடம் ஒப்படைக்கிறது. இரு கார்பன்களும் ஒன்றோடொன்று இணைந்து வெளியேறியதும் பல்லேடியம் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. கொள்கையளவில் அது விளைபொருளின் பகுதியே அல்ல. நடைமுறையிலோ அது குடுவையை விட்டு எளிதில் போவதில்லை. நைட்ரஜனும் கந்தகமும் உள்ள மூலக்கூறுகளை அது இறுகப் பற்றிக்கொள்ளும். மருந்து மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. வெள்ளையாக இருக்க வேண்டிய என் படிகங்கள் மூன்று முறை மறுபடிகமாக்கிய பிறகும் சாம்பல் பூத்தே இருந்தன. கந்தகம் கொண்ட தயோல் தொகுதி ஏற்றிய சிலிக்காவில் ஓர் இரவு கலக்கிய பிறகுதான் அந்தச் சாம்பல் நிறம் போயிற்று.

ஆனால் தங்கும் அளவுக்கு வரம்பு உண்டு. மருந்துத் தரவிதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பு, மருந்துகளில் தனிம மாசுகளுக்காக வகுத்த க்யூ3டி வழிகாட்டுதலின்படி பல்லேடியத்துக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம்தான் அனுமதி.

4 பிப்ரவரி 2024, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 10 மைக்ரோகிராம் என்பது ஊசிவழி மருந்துக்கான வரம்பு. வாய்வழி மருந்துக்கு 100 மைக்ரோகிராம். மூச்சுவழி மருந்துக்கு 1 மைக்ரோகிராம். ஒரே உலோகம் உடலுக்குள் நுழையும் வாசலைப் பொறுத்து வரம்பு நூறு மடங்கு மாறுகிறது. ரோடியத்துக்கும் ருத்தேனியத்துக்கும் இதே எண்கள்தாம்.

4 பிப்ரவரி 2024, இரவு 10.30

இனி இரண்டாவது கூற்று. செடியில் உலோகம் இல்லை என்று சொல்லும்போது, பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுகிறோம். அது குறும்பான பதில் என்று நீங்கள் சொல்லலாம். சரி, நச்சு உலோகங்களையே பார்ப்போம்.

மண்ணிலிருந்து ஈயத்தையும் காட்மியத்தையும் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. உலர்ந்த மூலிகைப் பொருளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அந்த வரம்பின் விளிம்பில் உள்ள ஒரு பொடியை நாளொன்றுக்கு 5 கிராம் சாப்பிடும் ஒருவருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் சேரும். நான் மேலே சொன்ன ஐசிஎச் வழிகாட்டுதலில் வாய்வழி ஈயத்துக்கான வரம்பு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். அதாவது ஒரு விதிப்படி தேறிய பொடி, மற்றொரு விதியைப் பத்து மடங்கு மீறுகிறது. இரண்டு விதிகளும் வெவ்வேறு நோக்கத்தோடு வகுக்கப்பட்டவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் சாற்றில் உலோகம் இல்லை என்ற வாக்கியத்தை இதற்குப் பிறகும் எழுத எனக்குக் கை வராது.

எல்லாச் செடிகளும் இப்படி என்று பொருளல்ல. மண் எப்படியோ செடி அப்படி.

5 பிப்ரவரி 2024, மதியம் 1.15

விட்டுப்போன ஒன்று. நியூ கலிடோனியாத் தீவில் பிக்னாண்ட்ரா அக்குமினாட்டா என்றொரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்தப் பாலை உலர்த்தி எடைபோட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிக்கல். 1976-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். இலையில் 0.1 விழுக்காடு நிக்கல் இருந்தாலே ஒரு செடியை மிகைத்திரட்டி என்று அழைக்கிறோம். இந்த மரமோ சுரங்கத்தோடு போட்டி போடுகிறது.

பிரான்ஸில் கிளோட் கிரிசோன் குழுவினர் இத்தகைய மிகைத்திரட்டிச் செடிகளின் சாம்பலிலிருந்தே வினையூக்கிகளைத் தயாரித்துக் கரிமத் தொகுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். செடி ஒரு பக்கம், உலோக வினையூக்கி எதிர்ப்பக்கம் என்று கேள்வி பிரித்து வைத்திருப்பதை அந்தச் சாம்பல் ஒப்புக்கொள்ளாது.

7 பிப்ரவரி 2024, இரவு 11.20

"ஒரே மூலக்கூறு இரண்டு வழியிலும் கிடைக்குமானால்" என்ற உங்கள் நிபந்தனைக்கு நல்ல எடுத்துக்காட்டு லெவோடோபா. பார்க்கின்சன் நோய்க்கான மருந்து. 1913-இல் குக்கன்ஹைம் என்ற வேதியியலர் இதை அவரை இனத்தைச் சேர்ந்த விசியா ஃபாபாவிலிருந்து பிரித்தெடுத்தார். பூனைக்காலி விதையிலும் இது நிறையவே உண்டு. உலர்ந்த விதையின் எடையில் சில விழுக்காடு வரை காணப்படுகிறது.

மற்றொரு வழி ரோடியத்தின் வழி. வில்லியம் நோல்ஸ் மான்சான்டோ நிறுவனத்தில் வடிவமைத்த வினையூக்கியில், ரோடியத்தோடு டைபாம்ப் என்னும் பாஸ்பீன் ஈந்தணைவி, அதாவது உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, சேர்ந்திருக்கும். அந்த ஈந்தணைவி ஒரு பக்கம் சாய்ந்த வடிவம் கொண்டது. அதனால் ஹைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் ஒரு முகத்தில் மட்டுமே பெரும்பாலும் ஏறுகிறது. இடக்கையும் வலக்கையும் போன்ற இரு ஆடிப்பிம்ப வடிவங்களில் வேண்டியது ஏறத்தாழ 95 விழுக்காட்டு மிகைமையில் கிடைத்தது; எஞ்சியதைப் படிகமாக்கல் கழித்துவிட்டது. 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இத்தகைய ஹைட்ரஜனேற்றத்துக்காகத்தான்.

ஆடிப்பிம்பம் ஏன் முக்கியம் என்று கேட்டால் 1967-க்குப் போக வேண்டும். மருத்துவர் கோட்சியாஸ் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு முதலில் கொடுத்தது இடம், வலம் இரண்டும் கலந்த டோபா. பலன் தெரிந்தது, ஆனால் சிலரிடம் வெள்ளணுக்கள் குறைந்தன. பிறகு இடவடிவத்தை மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். விதை இந்தத் தொல்லையைக் கொடுப்பதில்லை, ஏனெனில் நொதி ஒரே வடிவத்தைத்தான் செய்யும். ரோடியத்துக்கு அந்த ஒழுங்கை ஈந்தணைவியின் மூலம் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

தூய்மைப்படுத்தி முடித்த பிறகு, இரண்டு குப்பிகளிலும் இருப்பது ஒன்றே. எது விதையிலிருந்து வந்தது, எது ரோடியத்திலிருந்து வந்தது என்று மூளைக்குத் தெரியாது.

8 பிப்ரவரி 2024, காலை 6.50

நேற்றைய கடைசிப் பத்தியை நான் அவசரத்தில் எழுதியிருக்கிறேன். தூய்மைப்படுத்திய மூலக்கூறு ஒன்றே என்பது சரி. ஆனால் விதைப் பொடி அந்த மூலக்கூறு மட்டுமல்ல. 2004-இல் 8 நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வில், 30 கிராம் பூனைக்காலி விதைத் தயாரிப்பு, லெவோடோபாவும் அதன் துணை மருந்தான கார்பிடோபாவும் சேர்ந்த வழக்கமான மாத்திரையைவிட விரைவாக வேலை செய்யத் தொடங்கியது. எட்டுப் பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது; மேலும் அந்தப் பொடியில் இருந்த லெவோடோபாவின் அளவே மாத்திரையில் இருந்ததைவிட அதிகம். விதையில் உள்ள வேறு ஏதோ ஒன்று உதவியதா, அளவுதான் காரணமா என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை.

எந்தப் பொருள் வேலையைச் செய்தது என்ற இந்தக் கேள்விதான் உண்மையான கேள்வி. தூய்மை அதற்கு அடுத்தது. கேள்வி கேட்டவர் என்னைத் தவறான வாசலில் நிறுத்திவிட்டார். நானும் நான்கு நாள் அங்கேயே நின்றுவிட்டேன்.

11 பிப்ரவரி 2024, மாலை 4.00

இதை எனக்கு உணர்த்தியது புத்தகமல்ல, ஒரு குடுவை.

ஆய்வு மாணவனாக இருந்தபோது இலைச்சாற்றைக் கொண்டு பல்லேடியம் நானோ துகள்கள் செய்தேன். பல்லேடியம் குளோரைடுக் கரைசலில் சாற்றை ஊற்றிச் சூடாக்கினால், மஞ்சள் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் பல்லேடியம் அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்குகின்றன. அவற்றின் எச்சமே துகள்களைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அவை திரண்டுவிடாமல் காக்கிறது. இதுவரை எல்லாம் சரி. இந்தத் துகள்களைக் கொண்டு புரோமோஅனிசோலையும் ஃபீனைல்போரானிக் அமிலத்தையும் இணைத்தேன். விளைச்சல் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. சாற்றுக்கு ஒரு சிறப்புக் குணம் இருப்பதாகவும், அதன் மருத்துவ மூலக்கூறுகளே ஈந்தணைவிகளாகச் செயல்படுவதாகவும் ஒரு பத்தி முழுக்க எழுதி வைத்துவிட்டேன். அந்தப் பத்தியை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

என் நெறியாளர் ஒரே கேள்வி கேட்டார்: துகள் போடாமல் ஓட்டினாயா? ஓட்டவில்லை. ஓட்டினேன். கலவையில் உள்ள பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தபோது, விளைபொருளின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிரித்து எடைபோட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விளைச்சல். வினையூக்கியே இல்லாத குடுவையில்.

முதலில் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உலோகமே இல்லாத பிணைப்பு வினையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஓர் இரவு முழுவதும் தூங்கவில்லை. மறுநாள் புதுக் குடுவையையும், குடுவைக்குள் சுழன்று கலக்கும், உறையைப் பிரிக்காத புதுக் காந்தக் கலக்கித் துண்டையும் எடுத்து மீண்டும் ஓட்டியபோது புள்ளி மறைந்துவிட்டது. பழைய கலக்கித் துண்டு பலருடைய பல்லேடியம் வினைகளில் சுழன்றது. அசிட்டோனால் கழுவினால் வெண்மையாகத்தான் தெரியும். அதன் டெஃப்லான் பரப்பில் உள்ள கீறல்களில் உலோகம் ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. 2019-இல் அனனிக்கோவ் குழுவினர் இதையே முறைப்படி ஆராய்ந்து வெளியிட்டபோது, என்னைப் போல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதை அறிந்து சிறிது ஆறுதலடைந்தேன். அன்றிலிருந்து என் கலக்கித் துண்டுகள் உலோகங்களைக் கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகத்தில் குளிக்காமல் அடுத்த வினைக்குப் போவதில்லை.

12 பிப்ரவரி 2024, காலை 8.30

நேற்று எழுதியதைப் பழைய குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். புள்ளி மறைந்துவிட்டது என்பது முழு உண்மை அல்ல. மங்கிய புள்ளி ஒன்று இருந்தது. பொட்டாசியம் கார்பனேட்டை வேறு புட்டியிலிருந்து எடுத்த பிறகுதான் அதுவும் போயிற்று.

இதை நான் மறந்ததற்கு மன்னிப்பே கிடையாது, ஏனெனில் இத்துறையின் மிகப் புகழ்பெற்ற பாடமே அதுதான். 2003-இல் லெட்பீட்டர் குழுவினர், உலோகமே இல்லாமல் நீரில், நுண்ணலை வெப்பத்தில் சுசூக்கி வினை நடப்பதாக அறிவித்தார்கள். 2005-இல் அவர்களே மீண்டும் ஆராய்ந்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி அளவு பல்லேடியம் அந்த வேலையைச் செய்திருக்கக்கூடும் என்று எழுதினார்கள். 50 பிபிபி என்றால் ஒரு டன் உப்பில் 50 மில்லிகிராம். 2009-இல் புக்வால்டும் போல்மும் சேர்ந்து, இரும்புக் குளோரைடு ஊக்கியதாகக் கருதப்பட்ட சில பிணைப்பு வினைகளில் அதிலிருந்த தாமிர மாசுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 2021-இல் ஓர் அமீன் (நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மம்) மட்டுமே சுசூக்கி வினையை ஊக்குகிறது என்று ஒரு பெரிய இதழில் கட்டுரை வந்து, அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. அந்த அமீனைத் தயாரிக்கும் வழியிலேயே ஒரு பல்லேடியம் படி இருந்தது. அங்கிருந்து வந்த பல்லேடியம் அணைவுச் சேர்மம் அமீனோடு ஒட்டிக்கொண்டு கூடவே பயணித்திருக்கிறது. திரும்பப் பெற்றவர்கள் கட்டுரையாசிரியர்களே. நான் அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். என் காது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

12 பிப்ரவரி 2024, இரவு 9.10

கலக்கித் துண்டுகளுக்குத் தனியாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

15 பிப்ரவரி 2024, இரவு 10.45

இதே அளவுகோலைச் சாற்றுக்கும் வைக்க வேண்டும். வினையூக்கிக்காரர்களை மட்டும் துளைத்துவிட்டுச் சாற்றுக்காரர்களைச் சும்மா விடுவது நியாயமல்ல.

ஒரு நண்பரின் சாறு, அகார் தட்டில் பாக்டீரியா வளராத வட்டத்தை உண்டாக்கியது. சாறு கரைக்கப்பட்டிருந்தது டைமெத்தில் சல்பாக்சைடில். வெறும் கரைப்பானை மட்டும் வைத்த வட்டம் எங்கே என்று கேட்டேன். வைத்துப் பார்த்தபோது அதுவும் வட்டம் போட்டது, சற்றுச் சிறியதாக. அந்தக் கரைப்பான் செறிவு மிகுந்தால் தானே பாக்டீரியாவைத் தடுக்கும். வட்டத்தின் அகலமும் ஒரு பொருளின் வலிமையை நேரடியாகச் சொல்வதில்லை. அது அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மில்லிலிட்டருக்குப் பல மில்லிகிராம் சாறு தேவைப்படும் இடத்தில், சிப்ரோஃப்ளோக்சசின் எளிதில் மடியும் ஈ. கோலை வகைகளை 1 மைக்ரோகிராமுக்கும் மிகக் கீழே நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே சொல்லால் "நுண்ணுயிர்க்கொல்லி" என்று எழுதுகிறோம்.

டானின்கள் அடுத்த தொல்லை. அவை புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொண்டு படியவைக்கும். எந்த நொதியைக் குழாயில் வைத்துச் சோதித்தாலும் டானின் நிறைந்த சாறு அதைத் தடுப்பதாகவே தெரியும். தனித்த விளைவு என்று நாம் கொண்டாடுவது, தோலைப் பதப்படுத்தும் அதே வேதியியலாக இருக்கலாம். பாலிவைனைல்பாலிபைரோலிடோன் தூளைக் கலந்து டானினை நீக்கிவிட்டு மீண்டும் சோதிப்பது அரை நாள் வேலை. அதைச் செய்த கட்டுரைகளை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நான் படித்திருக்கிறேன்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளக்கப் பயன்படும் டிபிபிஎச் என்னும் ஊதாநிறப் பொருளின் சோதனையைப் பற்றி ஒரு வரி போதும்: ஊதா நிறத்தை மங்கச் செய்வது ஒரு மருத்துவ குணம் என்றால், வைட்டமின் சி தூள் எல்லா நோய்க்கும் மருந்து.

செடியின் பாலிசாக்கரைடுகள் எதிர்ப்பாற்றல் செல்களைத் தூண்டுவதாக வரும் முடிவுகளில் இன்னும் நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. இலையிலும் வேரிலும் வாழும் பாக்டீரியாக்களின் வெளியுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு மிகச் சிறிய அளவில் சேர்ந்திருந்தாலும், மேக்ரோஃபேஜ் செல்கள் துள்ளி எழும். செடியின் பெயரில் பாக்டீரியா கையெழுத்துப் போட்டுவிடுகிறது. கார்பனேட் உப்பில் ஒளிந்திருந்த பல்லேடியத்துக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

16 பிப்ரவரி 2024, காலை 7.20

இரண்டும் சந்திக்கும் இடம் வெள்ளி நானோ துகள். சாற்றை வெள்ளி நைட்ரேட்டில் ஊற்றுகிறார்கள், 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளப் பகுதியில் உறிஞ்சல் முகடு எழுகிறது, பாக்டீரியா சாகிறது, மூலிகையின் குணம் துகளுக்கு ஏறிவிட்டது என்று முடிவுரை எழுதப்படுகிறது. வெள்ளி அயனி தானாகவே பாக்டீரியாவைக் கொல்லும். துகளிலிருந்து கரையும் அயனியின் அளவு, அதே அளவு வெள்ளி நைட்ரேட், சாறு மட்டும், சாறின்றி வேறு ஒடுக்கியால் செய்த துகள் ஆகிய நான்கையும் அருகருகே வைக்காத வரை, மூலிகைக்குப் பங்கு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. இல்லை என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். நேற்று எழுதியது சற்றுக் கடுமையாகப் போய்விட்டது.

20 பிப்ரவரி 2024, இரவு 8.00

கடுமையைச் சரிசெய்ய மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைப் பற்றி எழுதுகிறேன். சாற்றை மதிக்க வேண்டிய விதம் அதில் இருக்கிறது.

மலேரியாவுக்கான மூலிகைகளைத் தேடிய சீன விஞ்ஞானி தூ யோயோவின் குழுவினருக்கு, சிங்ஹாவ் என்னும் ஆர்டிமிசியா செடியின் சாறு ஒரு முறை வேலை செய்து மறுமுறை கைவிட்டது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவக் கையேட்டில், செடியைக் கொதிக்க வைக்காமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததை அவர் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் ஈதரால் சாறெடுத்தார். 1971-இல் அந்தச் சாறு எலி மலேரியாவை முற்றாக அடக்கியது. 1972-இல் மூலக்கூறே தனியாகக் கையில் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசு. அவர் சாற்றைப் புகழ்வதோடு நிறுத்தாமல், வேலையைச் செய்வது எது என்று பிடித்தார். அந்த மூலக்கூறில் இரு ஆக்சிஜன்கள் கைகோத்த பெராக்சைடுப் பாலம் இருக்கிறது. அந்தப் பாலம் இல்லாவிட்டால் மருந்தும் இல்லை.

அந்தப் பாலத்தை ஒட்டுண்ணிக்குள் உடைப்பது எது என்று பார்த்தால், மீண்டும் உலோகம். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது வெளிப்படும் ஹீம் என்னும் பகுதியில் உள்ள இரும்பு பெராக்சைடை உடைக்க, அதிலிருந்து பிறக்கும் தனி உறுப்புகள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, உடனே வினைபுரியும் துண்டுகள்) ஒட்டுண்ணியின் புரதங்களைத் தாக்குகின்றன. செடி துப்பாக்கியைக் கொடுக்கிறது. விசையை அழுத்துவது இரும்பு. இதே மருந்தை ஈஸ்டில் வளர்த்த ஆர்டிமிசினிக் அமிலத்திலிருந்து தொழிற்சாலையில் செய்யும் வழியில், ருத்தேனியம் வினையூக்கியால் ஹைட்ரஜனேற்றும் படி ஒன்று உண்டு. செடிவழி, உலோகவழி என்று நீங்கள் பிரித்த இரண்டும் இந்த ஒரு மூலக்கூறில் எத்தனை முறை குறுக்கிட்டுக்கொள்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

21 பிப்ரவரி 2024, காலை 6.40

"துப்பாக்கி" உவமையைத் திரும்பப் பெறுகிறேன். இரும்பு அங்கே விசையை அழுத்திவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. வெடித்ததில் ஹீமே அடிபடுகிறது, மருந்து அதோடும் பிணைந்துவிடுகிறது. ஆகவே அதை வினையூக்கி என்று அழைப்பதும் கண்டிப்பான பொருளில் சரியல்ல. தான் மாறாமல் மீள்வதுதான் வினையூக்கி.

2 மார்ச் 2024, மாலை 5.30

கேள்வி கேட்டவர் தம் சோதனைத் திட்டத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறார். இங்கே பதில் எழுத அனுமதியும் தந்திருக்கிறார். சாற்றால் செய்த பல்லேடியம் துகள், அதைக் கொண்டு ஒரு பிணைப்பு வினை, விளைபொருளின் பாக்டீரியா எதிர்ப்பு என்று மூன்று கட்டங்கள்.

சூடாக இருக்கும்போதே துகளை வடிகட்டிவிட்டு, வடிந்த நீர்மத்தில் வினை தொடர்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் சேர்த்திருப்பது நல்லது. தொடர்ந்தால், வேலை செய்தது திண்மத் துகளின் பரப்பு மட்டுமல்ல, அதிலிருந்து கரைந்து வந்த பல்லேடியமும்தான். தொடராவிட்டாலும் கரையவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கரைந்தது ஆறும்போது துகளுக்கே திரும்பியிருக்கலாம். ஆகவே வடிநீர்மத்தை, மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுத்து அளந்துவிடவும். பாக்டீரியாச் சோதனைக்குப் போகும் முன் விளைபொருளில் எஞ்சிய பல்லேடியத்தையும் அதே கருவியில் அளந்து, அதே அளவு பல்லேடியம் உப்பைத் தனியாக ஒரு தட்டில் வைக்கவும். கரைப்பான் தட்டு திட்டத்தில் இருக்கிறது, மகிழ்ச்சி. கார்பனேட் இரண்டு வெவ்வேறு புட்டிகளிலிருந்து என்பதும் இருக்கிறது.

காந்தக் கலக்கித் துண்டு புதியதா என்பதை மட்டும் எழுதவில்லை.